கண்ணாடிக்காரர் அளந்த உப்பு

ஒருவழியாக அந்த வீட்டுக்குள் கடல் வந்து சேர்ந்துவிட்டது. போன வார அத்தியாயத்தில் நாம் விட்டுவந்தபோது, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர், அவர் மகள், மச்சான் மூன்று பேரும் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியின் நீல வெளிச்சத்துக்கு முன்னால் சினிமா பார்க்கிறவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சந்தோஷம் விடியும்வரைகூடத் தாங்கவில்லை.

கடல் என்றால், ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் அடங்கிவிடுகிற கடல்தான். கண்ணாடிக்காரரின் மனைவி படுத்திருந்த கட்டிலை எடுத்துவிட்டு அதே இடத்தில் தொட்டியை வைத்திருந்தார்கள். அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஒரு கடல்மீன் தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். பார்வை மங்கிக்கொண்டே வந்த அவளுக்கு அந்த ஆரஞ்சு மீன்கள் மட்டும் தெரிந்தன.

"வீட்டுல இப்படி ஒண்ணு வெச்சுக்கலாமாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"முதல்ல நீ எந்திரிச்சு நட, அப்புறம் பாக்கலாம்" என்றார் கண்ணாடிக்காரர். அவள் எழுந்து நடக்கவில்லை.

தொட்டி வைக்கும் யோசனை அவள் தம்பியுடையது. அவனுக்குக் குழாய் வேலை. ஊரே அவனைப் பைப் என்றுதான் கூப்பிடும். அக்காவும் அப்படித்தான் கூப்பிட்டாள். தொட்டிக்கு மேஜை செய்ய அளவெடுத்த அன்றைக்குக் குடியை நிறுத்தியவன், இன்றுவரை தொடவில்லை. தண்ணீரை வடிகட்டும் சாதனம், அந்தத் தண்ணீரைப் பிடித்து உப்பைக் கரைக்கிற நீல டிரம், அலை எழுப்புகிற மோட்டார் எல்லாம் அவன் கைவேலை. பவள மணலைப் பரப்பி, பாறைகளை அடுக்கி, உப்புத் தண்ணீரை ஊற்றியபின் வாரக்கணக்கில் மீன் எதுவும் விடாமல் காத்திருந்தார்கள். தண்ணீரில் நல்ல கிருமிகள் பெருகித் தயாராக வேண்டுமாம். "தண்ணி இன்னும் பழுக்கல குட்டி" என்று தினமும் மாம்பழத்தை அமுக்கிப் பார்க்கிறவன்போலத் தொட்டியைச் சுற்றிவருவான். குட்டி என்றது அவன் அக்கா மகளை. பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிற பெண்.

இன்றைக்கு அம்மாவின் பிறந்தநாள். அன்றைக்கு மீன்கள் வீட்டில் இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் நேற்று மாலை கொண்டுவந்து விட்டார்கள். ஒரு ஜோடி ஆரஞ்சு மீன், முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஓர் இறால், கண்ணாடியில் பாசி மேய நாலைந்து நத்தைகள்.

காலையில் முதலில் எழுந்தவள் குட்டிதான். வாயில் பிரஷ்ஷோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இறால் மல்லாந்து கிடந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் வாய்பிளந்து கிடந்தன. ஒரு மீன் பாறை இடுக்கில் செருகிக்கொண்டு செவுளை அடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றை மோட்டார் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தது. அது தானாக நீந்தவில்லை.

"மாமா" என்று கூப்பிட்டாள். "அப்பா" என்றும் கூப்பிட்டாள். ஆனால் முதலில் வந்தது மாமாதான். நேற்று வீட்டுக்குப் போகாமல் சோபாவிலேயே படுத்திருந்தான்.

பைப் கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு அந்த மீனை ஏந்தி எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மேஜைமேல் ஒரு காகிதத்தை விரித்து அதில் படுக்கவைத்தான்.

கண்ணாடிக்காரர் வந்ததும் முதல் வேலையாக உப்பை அளந்தார். உப்பு அளக்கிற கருவி ஒரு குட்டித் தொலைநோக்கி மாதிரி இருக்கும். முனையிலுள்ள கண்ணாடிச் சில்லில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணருகே பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் ஒரு கோட்டில் சந்திக்கும். அந்தக் கோடு நிற்கிற எண்தான் உப்பு. வீட்டில் அதை வேறு யாரும் தொடுவதில்லை. கண்ணாடியும் வெளிச்சமும் அவர் துறை.

"முப்பத்தஞ்சு" என்றார். "கடல்ல இருக்கிற அதே உப்பு. உப்புல குறை இல்ல."

குட்டி, மீன்களை விற்ற வளர்ப்புமீன் கடை அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"முதல்ல எது போச்சும்மா?"

"நத்தையும் இறாலும் முழுசாப் போச்சு. மீன்ல ஒண்ணு போயிருச்சு, ஒண்ணு மூச்சு வாங்குது."

"உப்பு பாத்தீங்களா?"

"எங்கப்பா இப்பத்தான் அளந்தாரு. முப்பத்தஞ்சு. அவர் கண்ணாடிக்கடை வெச்சிருக்காருங்க, அவர் அளந்தா மயிரிழை பிசகாது."

"அப்ப செம்பாத்தான் இருக்கும். நத்தையும் இறாலும் சட்டுனு போச்சுன்னா முதல் சந்தேகம் அதுமேலதான். பித்தளை, செம்பு ஏதாவது தண்ணியில பட்டுச்சா? குழாய், நட்டு, ஆணி எதுவா இருந்தாலும்."

"இல்லையே, எல்லாம் பிளாஸ்டிக்தான்" என்று சொல்லிக்கொண்டே குட்டி மாமாவைப் பார்த்தாள். பைப் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போனை வைத்துவிட்டாள். "மாமா."

"போன வாரம் டிரம் குழாய் ஒழுகுச்சு குட்டி. கையில பிளாஸ்டிக்கு இல்ல. அவசரத்துக்கு ஒரு பித்தளைக் குழாயை மாட்டினேன். மாத்திடணும், மாத்திடணும்னு…"

"அவசரத்துக்கு."

"ஆமா."

"அன்னிக்கும் உங்களுக்கு ஏதோ அவசரம்தான், இல்ல?"

அன்னிக்கு என்றால் எந்த நாள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். அம்மாவுக்கு முதன்முதலாகத் தலைவலி தாங்கமுடியாமல் போன நாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டியோடு உடனே வருகிறேன் என்ற தம்பி மதுக்கடையில் உட்கார்ந்துவிட்டான். வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நேரத்துக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று உறவு முழுக்கப் பேசிக்கொண்டது. அவனும் அதைத்தான் நம்பினான்.

"பாப்பா, போதும்" என்றார் கண்ணாடிக்காரர்.

"என்னப்பா போதும்? அம்மா வாசப்படியில உக்காந்திருந்தாளாம், இவர் வண்டிச் சத்தம் கேக்குதான்னு. கண்ணுதான் தெரியாதே, காதை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கா. இன்னிக்கு அவ பிறந்தநாள். இன்னிக்குமா?"

வாக்குவாதத்தில் பைப்பை ஜெயிக்க யாராலும் முடியாது. வாய் திறந்தால் சிரிக்கவைத்தே ஆளைக் கவிழ்த்துவிடுவான். அவன் பேசாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. குட்டி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அது குளிக்கிற சத்தம் இல்லை.

"நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத மச்சான்" என்றார் கண்ணாடிக்காரர்.

"அவ சொன்னதுல என்ன தப்பு அத்தான்? ரெண்டையும் நான்தானே பண்ணேன்."

இந்த இடத்தில் கண்ணாடிக்காரர் ஒன்று சொல்லியிருக்கலாம். ஒரு வருஷமாகவே சொல்லியிருக்கலாம். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கடையில் கண் சோதிக்கிற அறை பின்பக்கம் இருக்கிறது. மனைவி போனதிலிருந்து அவர் அதற்குள் கால் வைப்பதில்லை. சோதிப்பதற்கென்று படித்த ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துவிட்டு, தான் லென்ஸ் தேய்ப்பதோடும் கல்லாவோடும் நின்றுகொண்டார். "வயசாயிடுச்சு, இருட்டுல உக்கார முடியல" என்று கேட்டவர்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

இருட்டு ஒரு காரணமே இல்லை. அந்த அறையில்தான் அவர் மனைவியை உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். எழுத்து ஆடுகிறது என்றாள். பவர் ஏறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நாளில் மறுபடி மங்குகிறது என்றாள், இன்னொன்று போட்டார். மூன்றாவதும் போட்டார். "உங்க கடையில எனக்கு மட்டும் ஓசிங்கறதால மட்டமான லென்ஸா போடுறீங்களா?" என்று கேலி செய்தாள். அவருக்குச் சுருக்கென்றது. தன் அளவைக் குறை சொல்கிறாளே என்று கோபம் வந்ததே தவிர, ஒரு டாக்டரிடம் காட்டுவோம் என்று தோன்றவில்லை. அவள் கண்ணில் கோளாறு இல்லை. தலைக்குள் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது.

ஸ்கேனெல்லாம் எடுத்து முடித்தபின் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னார். "அன்னிக்கு எவ்வளவு சீக்கிரம் வந்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதுங்க. மங்க ஆரம்பிச்சப்பவே வந்திருக்கணும். எப்பலேருந்து மங்கலா இருக்குன்னு சொன்னாங்க?"

"இப்பத்தான், கொஞ்ச நாளா" என்றார் கண்ணாடிக்காரர்.

மகள் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தாள். மச்சான் ஆஸ்பத்திரிக் கூடத்து மூலையில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். டாக்டர் சொன்னதை அவனிடம் போய்ச் சொன்னால் அவன் அழுகை நிற்கும் என்று தெரிந்தும் அவர் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்றுதான் நினைத்தார்.

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். அடுத்த வாரம் கல்யாணமாம். போட்டோவில் கண்ணாடியோடு நிற்கமாட்டேன் என்று கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் கேட்டாள். சோதிக்கிற பெண் எல்லாம் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தாள். லென்ஸ் டப்பாவையும் கழுவுகிற தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துவைத்து, எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது என்று கண்ணாடிக்காரர் விளக்கினார்.

"இந்தத் தண்ணி தீந்துட்டா அங்கிள்? கல்யாண வீட்டுல யாரை அனுப்பி வாங்கறது? கேன் தண்ணி ஊத்திக்கலாமா?"

ஆயிரம் பேருக்குச் சொன்ன பதில். நாக்கு தானாகப் பேசியது. "கூடவே கூடாதும்மா. கண்ணீர்ல உப்பு இருக்கில்ல? அதுக்குச் சரியா இந்தத் தண்ணியிலயும் உப்பு போட்டிருக்காங்க. வெறும் தண்ணி பட்டா கண்ணு எரியும். இதுல உப்பு…"

"என்ன அங்கிள், பாதியில நிறுத்திட்டீங்க?"

"இதுல உப்பு இருக்கு" என்றார்.

"அதான் சொன்னீங்களே."

பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். இதே பாட்டில். உப்பு அளக்கிற கருவி புதிதாக வந்த அன்று, அதைப் பூஜ்யத்தில் நிறுத்த உப்பே இல்லாத சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று கூடவந்த தாளில் போட்டிருந்தது. பைப் வடிகட்டிய தண்ணீரை ஒரு டம்ளரில் நீட்டினான். "உன் டிரம் தண்ணியெல்லாம் இதுக்கு ஆகாதுடா" என்று சொல்லி, கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸ் தண்ணீரைத்தான் கண்ணாடிக்காரர் விட்டார். அந்த வீட்டில் சுத்தமான தண்ணீர் என்றாலே அதுதான். மகளின் கண்ணில் தூசி விழுந்தால், மச்சான் சிமெண்டைக் கண்ணில் அப்பிக்கொண்டு வந்தால், எல்லாவற்றுக்கும் மனைவி அந்தப் பாட்டிலைத்தான் கொண்டுவருவாள். அத்தனை வருஷத்துப் பழக்கம். கை தானாக அதைத் தேடிப்போனது. "இதைவிடச் சுத்தமான தண்ணி எங்கயும் கிடைக்காது" என்று சொல்லிக்கொண்டே திருகாணியைத் திருகிக் கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்தினார். குட்டி கைதட்டினாள்.

உப்புத் தண்ணீரைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அதற்குமேல் கடலின் உப்பைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். கரைத்தவன் பைப். போடு, போடு, இன்னும் கொஞ்சம் போடு என்று பக்கத்தில் நின்று சொன்னவர் இவர்.

"அங்கிள், உடம்பு சரியில்லையா?"

சோதிக்கிற பெண்ணைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் யாரும் இல்லை. டிரம்மில் பித்தளைக் குழாயைக் காணோம்; கழற்றியாகிவிட்டது. ஓட்டையில் பிளாஸ்டிக் அடைப்பான் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது, கீழே சிந்திய தண்ணீர்கூடத் துடைக்கப்பட்டிருந்தது. இறந்த மீனைக் காணோம். அது இருந்த இடத்தில், வளையத்திலிருந்து கழற்றிய ஒரு சாவி இருந்தது. இந்த வீட்டுச் சாவி. அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனிடம் இருந்த சாவி.

கருவியை எடுத்தார். இந்தமுறை வடிகட்டும் சாதனத்திலிருந்து பிடித்த தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டார். கோடு பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. திருகாணியைத் திருகி அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். துடைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரை விட்டுப் பார்த்தார்.

நாற்பத்து நாலு.

மீன்கடை அம்மாவுக்குப் போன் போட்டு, யாரோ ஒருவருக்கு வந்த சந்தேகம்போலக் கேட்டார். "நாப்பத்து நாலுல மீன் இருக்குமாங்க?"

"அது கருவாடு போடற தண்ணிங்க" என்றாள் அவள். "நத்தையெல்லாம் உடனே போயிரும். மீனு தாங்கினா அது செஞ்ச புண்ணியம். உப்புத் தண்ணியைக் கொஞ்சம் எடுத்துட்டு நல்ல தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தச் சொல்லுங்க. ஒரேயடியா ஊத்தினா அதுவும் போயிரும்."

ஒரு குவளை வெளியே, ஒரு குவளை உள்ளே. பாறை இடுக்கில் அந்த ஒற்றை மீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மீனுக்கு இமை கிடையாது, எல்லோரையும் அப்படித்தான் பார்க்கும். வெகுநேரம் கழித்துக் கோடு ஒரு புள்ளி இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கும். நாளைக்கு இன்னும் இறங்கும். கடைசியில் முப்பத்தைந்தில் வந்து நிற்கும்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கருவியைச் சரிசெய்துவிட்டார். தண்ணீரையும் சரிசெய்துகொண்டிருக்கிறார். இனிமேல் யார் வந்து அளந்தாலும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். டிரம்மில் பித்தளைக் குழாய் இருந்தது என்கிற ஒன்று மட்டும் மிஞ்சும்.

இதைத்தான் போன வருஷமும் செய்தார். எதையும் பொய்யாகச் சொல்லி யார்மேலும் பழி போடவில்லை. சும்மா இருந்தார். பழி தானாகத் தோதான ஒரு தோளைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

பைப்பின் போன் அணைக்கப்பட்டிருந்தது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே தேடவேண்டும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்திருப்பதே கேவலமாக இருந்தது.

மதுக்கடைக்கு எதிர்ச்சாரியில், ஒரு பழைய டயர்க்கடையின் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான் பைப். கருவிப்பை காலடியில் கிடந்தது. கையில் அந்தப் பித்தளைக் குழாயை வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக்காரர் கிட்டே போய் முகத்தை நெருங்கினார்.

"மோந்து பாக்காதீங்க அத்தான். இன்னும் உள்ள போகல."

"எப்ப வந்த?"

"வந்தது அப்பவே. ரோட்டைத் தாண்டறதுதான் பெரிய வேலையா இருக்கு."

"மீனை எங்க?"

"பூந்தொட்டியில புதைச்சிட்டேன். மாடியில. அக்கா வெச்ச செடி."

கண்ணாடிக்காரர் வண்டியின் பின்சீட்டில் கையை ஊன்றிக்கொண்டார். நின்றவாக்கில் சொன்னார். பாட்டில், திருகாணி, பூஜ்யம், நாற்பத்து நாலு. முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியவில்லை. குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பைப் குழாயைத் திருகுவதை நிறுத்தினான். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தான்.

"உன் டிரம் தண்ணி ஆகாதுன்னீங்களே அத்தான்."

"ஆமாண்டா."

"என் டம்ளரைத் தட்டிவிட்டீங்களே."

"தட்டிவிடல. தள்ளி வெச்சேன்."

"தள்ளி வெச்சீங்க. சரி." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மீனு எப்படி இருக்கு, அந்த இன்னொண்ணு?"

"இருக்கு. தண்ணி இறங்கிட்டிருக்கு."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. இதைக் குட்டிகிட்டச் சொல்லாதீங்க."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"நிஜமாத்தான். அவளுக்கு அம்மா இல்ல. அப்பா கண்ணு தப்பாதுன்னு நம்பிக்கிட்டு இருக்கா, அதையும் ஏன் உடைக்கணும்? என் பேரு கெட்டா யாருக்கு என்ன நஷ்டம்? ஏற்கெனவே ஒண்ணு என் கணக்குல கிடக்கு, இதுவும் கிடந்துட்டுப் போகட்டும். பித்தளைதான்னு இருக்கட்டும் அத்தான்."

மனசாரத்தான் சொன்னான். நடிப்பு இல்லை. அவன் அப்படிச் சொல்லாமல் சட்டையைப் பிடித்திருந்தால் கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு லேசாகியிருக்கும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி என்று சொல்லிவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது என்பதை அவர் பிறகு எத்தனையோ நாள் மறக்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "வளையத்துல மாட்டு. வீட்டுக்குப் போலாம்."

குட்டி வேலையிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டிருந்தாள். தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் உள்ளே நுழைந்தபோது திரும்பாமலே சொன்னாள். "வெளிய வந்திருச்சு."

அந்த ஒற்றை மீன் பாறை இடுக்கிலிருந்து வெளியே வந்து, தொட்டியின் மூலையில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, காலையில பேசினதுக்கு…"

"விடு குட்டி. டீ இருக்கா?"

"டீ அப்புறம்" என்றார் கண்ணாடிக்காரர். "பாப்பா, பித்தளை இல்ல. நான்தான்."

பைப் பின்னாலிருந்து அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். அவர் நிறுத்தவில்லை. டயர்க்கடையோரத்தில் மச்சானிடம் சொன்னதையே சொன்னார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னார். லென்ஸ் தண்ணீர்ப் பாட்டில் இன்னும் தொட்டி மேஜையின் கீழ்த்தட்டில்தான் இருந்தது. அவள் அதை எடுத்துத் திறந்து, விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள்.

"உங்கப்பா ஒரு தடவை தப்பா அளந்தா அது பெரிய குத்தமா?" என்று பைப் இடையில் புகுந்தான். "நான் ஊரு பூரா ஒழுகற குழாய் மாட்டியிருக்கேன், என்னை யாராவது…"

"மாமா, கொஞ்சம் இருங்க."

அவள் கோபப்படவில்லை. பாட்டிலைத் திருகி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். எழுந்து அம்மாவின் அலமாரி இருந்த அறைக்குள் போனாள். இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரருக்கு அந்த இழுப்பறையின் சத்தம் தெரியும்.

திரும்பி வந்தபோது அவள் கையில் மூன்று மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. மூன்றும் புதுசு. தேய்மானம் இல்லை, கீறல் இல்லை. தொட்டி மேஜைமேல், காலையில் மீனைக் கிடத்திய இடத்தில், ஒன்றையடுத்து ஒன்றாக வைத்தாள்.

"காலையில அம்மா துணியெல்லாம் எடுத்து வெச்சப்ப பாத்தேன். ஒண்ணைவிட ஒண்ணு தடிமன். மூணும் ஒரே வருஷத்துல போட்டதுன்னு நம்ம கடை உறையிலேயே இருக்கு." அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல ஆகிவிட்டது. "அப்பா அளந்தா தப்பாதுன்னு பெருசா யோசிக்கல. இப்பத்தான்… இதையும் நீங்கதானேப்பா அளந்தீங்க?"

நீல வெளிச்சம் மூன்று ஜோடி லென்ஸிலும் விழுந்து கிடந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பைப் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, அப்பா மகள் விஷயம் போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, டீ போடுகிற சாக்கில் சமையலறைப் பக்கம் நகர்ந்தான்.

கண்ணாடிக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பக்கத்தில் இன்னொன்றையும் இழுத்துப் போட்டார்.

"நீயும் வந்து உக்காரு மச்சான்" என்றார். "இதை முதல்ல கேக்கவேண்டியவன் நீதான்."